ஒரு பெட்டி, இரண்டு வாய்: ஆரணிக் கல்யாண கேசட்டுகளும் காம்போ டெக்கும்

போன ஐப்பசி மழையில் ஆரணியில் அத்தை வீட்டு மாடி ஒழுகியது. ஒழுகின இடத்துக்கு நேர் கீழே ஒரு டிரங்குப் பெட்டி. பதறிப்போய்த் திறந்தோம். மேலே பழைய பட்டுச்சேலைகள், நடுவில் அந்துருண்டை, அடியில் செய்தித்தாளில் சுற்றி வைத்த 11 வீடியோ கேசட். சேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. கேசட்டுகளில் நான்கின் ஜன்னல் வழியாகப் பார்த்தால், டேப் சுருளின் மேல் அரிசிமாவு தூவின மாதிரி வெள்ளை பூத்திருந்தது. அது அன்றைய மழை செய்த வேலை இல்லை. பல வருடத்துப் பூஞ்சை.

“இதையெல்லாம் சிடில போட்டுக் குடுடா தம்பி. நான் இருக்கறப்பவே ஒரு வாட்டி பாத்துடறேன்” என்றார் அத்தை. (எங்கள் ஊரில் வட்டமாகப் பளபளப்பது எல்லாம் சிடிதான். டிவிடியும் சிடிதான்.)

விசாரித்தேன். டிவி மெக்கானிக், போட்டோ ஸ்டுடியோக்காரர், சென்னையில் இருக்கும் நண்பர், மூன்று பேரும் சொல்லி வைத்தாற்போல ஒரே பதில்: “காம்போ ஒண்ணு பிடிச்சுடுங்க. இந்தப் பக்கம் கேசட்டைப் போடு, அந்தப் பக்கம் டிவிடியைப் போடு, ஒரு பட்டன், முடிஞ்சுது.”

இந்தப் பதிவு அந்தப் பதிலைப் பற்றிய விமர்சனம். மூன்று மாதம், இரண்டு காம்போ, ஒரு தனி டெக்கு, ஒரு யுஎஸ்பி கருவி என்று புழங்கிய பிறகு எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காம்போ மோசமான இயந்திரம் இல்லை. ஆனால் அதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தட்டுப் பாதியைப் பார்த்து வாங்குகிறார்கள். நம் கையில் ஒரே ஒரு பிரதியாக இருப்பது கேசட். அதைத் தொடப்போவது இன்னொரு பாதி.

டெக்கு வாடகைக் காலம்

கொஞ்சம் பழைய கதை. 1982-இல் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியது. அதே வருடம் நவம்பரில் தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அந்தச் சூட்டோடு கலர் டிவியும் வீடியோவும் நாட்டுக்குள் வந்தன. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் தோளில் சுமந்து வந்தார்கள். மற்றவர்களுக்குச் சென்னை பர்மா பஜார். விசிஆர் என்று யாரும் சொன்னதில்லை, ‘டெக்கு’தான். ஒரு இரவுக்கு டெக்கும் டிவியும் மூன்று படமும் வாடகைக்கு எடுத்து, தெருவே உட்கார்ந்து விடிய விடியப் பார்த்த தலைமுறை நாங்கள்.

அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அதே விஎச்எஸ் கேசட் கல்யாண வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. தோளில் பெரிய கேமரா, பின்னால் ஹாலஜன் லைட்டைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு பையன், அவன் காலடியில் ஒயர். தாலி கட்டுகிற நேரத்தில் புரோகிதர் முகத்தில் வெளிச்சம் அடித்து அவர் மந்திரத்தை நிறுத்தி முறைப்பார். எல்லா வீட்டுக் கேசட்டிலும் இந்தக் காட்சி இருக்கும்.

ஆரணிக் கேசட்டுகளுக்குக் கூடுதலாக ஒரு மதிப்பு உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நெசவு ஊர் இது. ஆரணிப் பட்டுக்குத் தனியாகப் புவிசார் குறியீடும் உண்டு. ஆனால் நெய்தவர் வீட்டில் நெய்த சேலை நிற்காது. அது முதலாளிக்குப் போகும், அவரிடமிருந்து கடைக்குப் போகும், கடையிலிருந்து யார் வீட்டுக்கோ போகும். வீட்டில் தங்குவது பெண்ணுக்குக் கல்யாணம் என்று வரும்போது மட்டும்தான். என் தாத்தா வைத்திருந்த ஜக்கார்டு அட்டைகள் எடைக்குப் போய்விட்டன. வரைந்து வைத்த தாள்கள் கரையானுக்குப் போயின. அவர் தறியில் என்ன ஓடியது என்பதற்கு இன்று மிச்சம் இருக்கும் சாட்சி, வீட்டுப் பெண்கள் உடுத்திக்கொண்டு கேமரா முன்னால் நின்ற அந்தச் சில நிமிடங்கள்தான்.

11-இல் நான் முக்கியமாக நினைத்தது சின்ன அத்தையின் கல்யாணக் கேசட். எந்த வருடம் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. “எம்ஜிஆர் செத்து ரெண்டு மூணு வருஷம் இருக்கும்” என்றார் அத்தை. ஸ்டுடியோ ஸ்டிக்கரில் ‘தி. சம்புவராயர் மாவட்டம்’ என்று அச்சாகியிருந்தது. வட ஆற்காடு பிரிந்து திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் உருவானது 1989 செப்டம்பர் கடைசியில். ஆக, கல்யாணம் அதற்குப் பிறகு. அத்தையின் கணக்கும் சேர்ந்தால் 1990 என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கேசட்டில், முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வீட்டைச் சுற்றிக் காட்டும்போது, கூடத்தில் இருக்கும் தறியைக் கேமரா நாலே நாலு நொடி கடந்து போகிறது. தறியில் பாதி நெய்த சேலை. பக்கத்தில் தாத்தா, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல்.

நாலு நொடி. நொடிக்கு 25 படம் என்ற கணக்கில் 100 படம். எனக்கு வேண்டியது அந்த 100.

காம்போ என்றால் எந்தக் காம்போ?

விஎச்எஸ் பிறந்தது 1976, ஜப்பானில். டிவிடி 1996, அதுவும் ஜப்பானில். இரண்டாயிரத்துக்குப் பிறகு, மக்கள் ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறிக்கொண்டிருந்த சில வருடங்களுக்காகப் பிறந்த இடைக்கால ஜந்து காம்போ. பானசோனிக், சோனி, ஜேவிசி, எல்ஜி, சாம்சங், தோஷிபா எல்லோரும் செய்தார்கள்.

இங்கேதான் முதல் குழி. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வகைப் பெட்டிகள் உண்டு. ஒன்றில் டிவிடி ஓடும், கேசட் ஓடும், ஆனால் கேசட்டிலிருந்து தட்டுக்கு எழுதாது. இன்னொன்று எழுதும். விற்கிறவர் இரண்டையும் ‘காம்போ’ என்றுதான் சொல்வார். முகப்பில் டிவிடி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ‘ரெக்கார்டர்’ என்று இருக்கிறதா, ரிமோட்டில் ‘டப்பிங்’ பட்டன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

இன்று கிடைப்பது எல்லாமே பழையது என்பது அடுத்த விஷயம். உலகத்தில் கடைசி வரை விசிஆர் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திக்கொண்டது. அதற்கு முந்தின வருடம்கூட ஏழரை லட்சம் பெட்டி விற்றிருந்தது, ஆனால் உதிரிபாகம் கிடைக்கவில்லை. அதனால் ‘எந்த மாடல் நல்லது’ என்ற கேள்விக்கு இப்போது அதிக அர்த்தம் இல்லை. ‘இந்த ஒரு பெட்டி, இத்தனை வருடம் யார் வீட்டில், எப்படிக் கிடந்தது’ என்பதுதான் கேள்வி.

கல்யாண நாதஸ்வரம் சுதி ஏறின கதை

முதல் காம்போவை இணையத்தில் பார்த்து வாங்கினேன். ‘நல்ல கண்டிஷன், ஓடுகிறது’ என்று போட்டிருந்தார்கள். பொய் இல்லை, ஓடியது. வந்த பெட்டியின் பின்னால் 120 வோல்ட் என்று இருந்தது. சரி, அமெரிக்கப் பெட்டி, ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்கினால் போச்சு என்று வாங்கினேன். கேசட்டைப் போட்டால் படம் உருண்டுகொண்டே இருந்தது. நாதஸ்வரம் அவசரகதியில், சுதி ஏறிக் கீச்சென்று கேட்டது.

காரணம் மின்சாரம் இல்லை. இந்தியாவில் டிவி ‘பால்’ முறை: 625 கோடு, நொடிக்கு 25 படம். அமெரிக்காவில் ‘என்டிஎஸ்சி’: 525 கோடு, நொடிக்குக் கிட்டத்தட்ட 30 படம். கேசட்டின் பிளாஸ்டிக் உடம்பு ஒன்றுதான், உள்ளே எழுதியிருக்கும் கணக்கு வேறு. டேப் ஓடும் வேகமே வேறு. பல முறைகளும் ஓடும் ‘மல்டி சிஸ்டம்’ டெக்குகள் உண்டு, அமெரிக்க வீட்டு உபயோகக் காம்போ பெரும்பாலும் அந்த ரகம் இல்லை. டிரான்ஸ்பார்மரால் இதைச் சரிசெய்ய முடியாது.

சிங்கப்பூரும் வளைகுடா நாடுகளும் இலங்கையும் ‘பால்’ என்பதால் அங்கிருந்து வந்த டெக்குகள் நமக்குச் சரிப்படும். டொரண்டோவிலும் நியூஜெர்சியிலும் இருக்கிற நம் ஆட்களுக்கு இது தலைகீழ்ப் பிரச்சினை. ஊரிலிருந்து கொண்டுபோன கல்யாணக் கேசட்டை அங்கே வாங்கிய டெக்கில் போட்டுவிட்டு, கேசட் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் எங்கள் உறவிலேயே இருக்கிறார்கள். கேசட் கெடவில்லை.

கேசட் பாதி

இரண்டாவது காம்போ ‘பால்’ பெட்டி. நேரில் போய்ப் பார்த்து, பழைய சினிமாக் கேசட் ஒன்றை ஓட்டிப் பார்த்து வாங்கினேன். பிராண்டு பெயர் வேண்டாம். நடந்த தப்பு அதனுடையது இல்லை.

டெக்குக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு வரி: அரை அங்குல அகல டேப்பைக் கேசட்டிலிருந்து வெளியே இழுத்து, நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும் உருளையைச் சுற்றி வளைத்து, அந்த உருளையில் இருக்கும் மிகச் சிறிய ஹெட்டுகள் படத்தைப் படிக்கின்றன. மூன்று மணி நேரக் கேசட்டில் 250 மீட்டருக்கு மேல் டேப். அதன் மேல் பூஞ்சை இருந்தால் அது உதிர்ந்து முதலில் போய் அடைப்பது அந்த ஹெட்டைத்தான். அடுத்து போடும் கேசட்டுக்கும் அதே பூஞ்சை ஒட்டிக்கொள்ளும்.

இதெல்லாம் படித்திருந்தேன். படித்துவிட்டும், ‘இதுல லேசாத்தானே இருக்கு’ என்று ஒரு கேசட்டைத் துடைக்காமல் போட்டேன். பெரியக்காவின் சீமந்தம். பத்து நிமிடம் நன்றாக ஓடியது. பிறகு பனி. பிறகு ஒரு சத்தம். நிறுத்தி வெளியே எடுத்தால் கேசட் வருகிறது, டேப் உள்ளேயே மாட்டிக்கொண்டு கூடவே நூலாக நீள்கிறது.

தனி டெக்கு என்றால் மேல் மூடியின் சில ஸ்குரூவைக் கழற்றினால் எல்லாம் கண்ணுக்கு எதிரே இருக்கும், விரலால் மெதுவாக விடுவிக்கலாம். என் காம்போவில் கேசட் பொறியின் மேலே ஒரு சர்க்யூட் பலகை, பக்கத்தில் டிவிடி டிரைவ், நடுவில் பட்டை ஒயர்கள். மெக்கானிக் வந்து பிரித்து எடுப்பதற்குள் டேப் கசங்கிவிட்டது. ஏழு நொடி போச்சு. பாட்டி நலங்குப் பாட்டின் இரண்டாவது அடியை எடுக்கிற இடம். பாட்டியின் குரல் வேறு எதிலும் இல்லை.

தப்பு என்னுடையது. ஆனால் காம்போ பற்றிய என் முதல் குறையும் இதுதான். இரண்டு வேலையை ஒரு பெட்டியில் அடைத்ததால், ஆபத்து வரும்போது கை நுழைய இடம் இல்லை. ஒரு பாதி கெட்டால் மற்றப் பாதியும் சேர்ந்து மெக்கானிக் வீட்டுக்குப் போகிறது. பவர் சப்ளை போனால் இரண்டுமே போகிறது.

இன்னொன்றும் உண்டு. விசிஆர் செத்துக்கொண்டிருந்த காலத்தில் செய்த பெட்டிகள் இவை. அந்த நேரத்தில் எந்தக் கம்பெனியும் கேசட் பாதிக்குக் காசு செலவழிக்கப் போவதில்லை. 1990-களின் உயர்ரக டெக்குகளில் வந்த எஸ்-விஎச்எஸ், படத்தின் ஒவ்வொரு கோட்டையும் நேராக்கும் ‘டைம் பேஸ் கரெக்டர்’ போன்றவை காம்போவின் கேசட் பக்கத்தில் அநேகமாகக் கிடையாது. மெனுவும் ரிமோட்டும் விளம்பரமும் எல்லாம் டிவிடி பாதிக்கே.

ஜரிகைக்கும் எம்பெக்குக்கும் ஆகாது

இரண்டாவது குறை, தட்டுக்கு எழுதுகிற விதம்.

முதலில் கேசட்டின் எல்லையை ஒத்துக்கொள்ள வேண்டும். விஎச்எஸ் வெளிச்சத்தைக் குறுக்குவாட்டில் ஏறக்குறைய 240 கோடு அளவுக்குத்தான் பிரித்துக் காட்டும். நிறத்தை இன்னும் மோசம், ஏறக்குறைய 40. அதனால்தான் பழைய வீடியோவில் அரக்குச் சேலையின் சிவப்பு, கரையைத் தாண்டிப் பச்சைக்குள் கசிகிறது. கோர்வையில் உடல் வேறு, கரை வேறு என்று தனித்தனி நாடா ஓட்டி அத்தனை கறாராக நெய்த எல்லைக்கோடு, டேப்பில் ஈரத்தில் சாயம் இறங்கின மாதிரி ஆகிவிடுகிறது. ஹாலஜன் வெளிச்சத்தில் ஜரிகையோ வெறும் வெள்ளை. பட்டின் நிறத்துக்குக் கல்யாண வீடியோவைச் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது. கரையின் அகலம், வரிகளின் எண்ணிக்கை, புட்டாவின் இடைவெளி, முந்தியின் நீளம் இவற்றுக்குக் கூப்பிடலாம்.

இப்போது காம்போ இதை என்ன செய்கிறது? எம்பெக்-2 என்ற முறையில் சுருக்குகிறது. ஏறக்குறைய அரை நொடிக்கு ஒரு முழுப் படத்தை வைத்துக்கொண்டு, நடுவில் வருபவற்றுக்கு ‘எது மாறியது’ என்பதை மட்டும் எழுதும். பேசிக்கொண்டிருக்கும் முகத்துக்கு இது பிரமாதமான யோசனை. பின்னால் சுவர் மாறாது, வாய் மட்டும் மாறும். ஆனால் ஜரிகை? பெண் லேசாகத் திரும்பினால் போதும், ஆயிரம் இடத்தில் மினுமினுப்பு மாறும். கூடவே விஎச்எஸ்ஸின் பிறவிப் புள்ளி இரைச்சல், அதுவும் படத்துக்குப் படம் மாறும். இயந்திரத்துக்கு இரைச்சலும் ஜரிகையும் ஒன்றுதான். கிடைத்த இடத்தை இரண்டுக்கும் பங்கு போட்டு, போதாமல் கட்டம் கட்டமாக்கிவிடும்.

எவ்வளவு இடம் கிடைக்கிறது? சாதாரண டிவிடி 4.7 ஜிபி. அதை மணிக்கணக்கால் வகுத்தால் வருவது இது:

எக்ஸ்பி, 1 மணி நேரம்: நொடிக்குச் சுமார் 10 மெகாபிட்.
எஸ்பி, 2 மணி நேரம்: சுமார் 5.
எல்பி, 4 மணி நேரம்: சுமார் 2.6.
ஈபி, 6 மணி நேரம்: சுமார் 1.7.

எல்பிக்குக் கீழே போனால் பல பெட்டிகள் 720 புள்ளி அகலப் படத்தை 352 ஆகப் பாதியாக்கிவிடும். ஈபியில் உயரத்தையும் வெட்டுவது உண்டு. பெட்டியின் அட்டையில் ‘ஒரே தட்டில் 6 மணி நேரம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். இதை அத்தைக்கு விளக்கினேன். அவருக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் தேவைப்படவில்லை. “ஊடையைக் குறைச்சு நீளம் காட்டற வேலைடா இது. தூரத்துல பாத்தா சேலை மாதிரிதான் இருக்கும்.”

சில்லறைத் தொல்லைகள், ஒரு பெரிய ஆபத்து

சின்ன அத்தை கல்யாணத்தைப் பிரதி எடுக்கும்போது நடுவில் பெட்டி நின்றது. திரையில், காப்பு செய்யப்பட்ட கேசட், பிரதி எடுக்க அனுமதி இல்லை என்கிற மாதிரி செய்தி. எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் காப்பு போட்டார்கள்? சினிமாக் கேசட்டுகளைப் பிரதி எடுப்பதைத் தடுக்க ‘மேக்ரோவிஷன்’ என்று ஒரு பூட்டு உண்டு. சிக்னலை வேண்டுமென்றே கலைத்துவிடுவதுதான் அந்தப் பூட்டு. பழைய டேப் தானாகவே கலைந்துபோயிருந்தால், சில ரெக்கார்டர்கள் அதையும் பூட்டு என்று நினைத்துக்கொள்ளும். ரீவைண்ட் பண்ணி, டிராக்கிங்கைத் திருப்பி, மூன்றாம் முறை நகர்ந்தது. மூன்று முறை என்றால் டேப் மூன்று முறை தேய்ந்தது என்றும் அர்த்தம்.

எழுதி முடித்ததும் ‘ஃபைனலைஸ்’ செய்யாவிட்டால் தட்டு வேறு எந்த பிளேயரிலும் பெரும்பாலும் ஓடாது. அந்தப் பெட்டி செத்துப்போனால் தட்டும் ஊமை. அன்றன்றைக்கே செய்துவிடுங்கள்.

பெரிய ஆபத்து வேறு. டப்பிங் இரண்டு திசையிலும் போகும் காம்போக்கள் உண்டு. கேசட்டிலிருந்து தட்டுக்கு, தட்டிலிருந்து கேசட்டுக்கு. தப்பான பட்டனை அழுத்தினால் முப்பது வருடத்துக் கல்யாணத்தின் மேல் வேறு எதையோ எழுதிவிடலாம். கேசட்டின் முதுகு ஓரத்தில் சின்ன பிளாஸ்டிக் காது ஒன்று இருக்கும். அதை உடைத்துவிட்டால் எந்த டெக்கும் அதில் எழுதாது. எந்தப் பெட்டியில் போடுவதற்கு முன்னாலும் முதல் வேலை அதுதான். எங்கள் 11-இல் ஆறில் காது அப்படியே இருந்தது.

சும்மா சொல்லக் கூடாது

காம்போவுக்குச் சேரவேண்டியதைச் சேர்த்துவிட வேண்டும். மலிவான யுஎஸ்பி கருவி ஒன்றையும் கம்ப்யூட்டரோடு சேர்த்துச் சோதித்தேன். டேப் தடுமாறுகிற இடங்களில் அது படங்களைத் தவறவிட்டது. ஒரு மணி நேரம் போனதும் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். மேளம் கொட்டி முடித்து ஒரு நொடி கழித்துத் தாலி ஏறுகிறது. காம்போவில் இந்தப் பிரச்சினை ஒரு தடவைகூட வரவில்லை. உள்ளே வருகிற ஒவ்வொரு படத்தையும் வாங்கி ஒழுங்கான வேகத்தில் அனுப்புகிற ஒரு நினைவகம் அதன் ரெக்கார்டர் பாதியில் இருக்கிறது. அது நன்றாக வேலை செய்கிறது.

கம்ப்யூட்டர் பக்கமே போகாத வீட்டுக்கும், ‘ஒரு வாட்டி பாத்தாப் போதும்’ என்கிற பெரியவர்களுக்கும் எஸ்பியில் எழுதின தட்டு போதும். அத்தை கேட்டது அதைத்தான். அந்த அளவில் மெக்கானிக் சொன்ன யோசனை தப்பில்லை.

ஒரே நாலு நொடி, மூன்று வழி

கடைசியில் செய்தது இது. உறவினர் ஒருவர் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்து பரணில் போட்டிருந்த தனி டெக்கை மெக்கானிக்கிடம் கொடுத்து ஹெட்டைத் துடைத்து ரப்பர் பெல்ட் மாற்றினேன். அதில் கேசட்டை ஓட்டி, சிக்னலைக் காம்போவின் ரெக்கார்டர் பக்கத்துக்குள் விட்டு, தட்டில் எழுதாமல், அங்கிருந்து வெளியே எடுத்து யுஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டரில் சேர்த்தேன். தரம் எதையும் இழக்காத சுருக்கத்தில், ஏறக்குறைய மணிக்கு 30 ஜிபி. எல்லாப் பெட்டியும் இதற்கு ஒத்துழைக்காது. என்னுடையது ஒத்துழைத்தது, உதடும் பேச்சும் ஒட்டிக்கொண்டன. அதாவது காம்போவின் இரண்டு வாயையும் மூடிவிட்டு, நடுவில் இருக்கும் வயிற்றை மட்டும் உபயோகப்படுத்தினேன்.

பிறகு தறி வரும் நாலு நொடியை மூன்று விதமாக அத்தையிடம் காட்டினேன். எது எந்த வழி என்று சொல்லவில்லை.

முதலாவது, இரண்டு கேசட்டை ஒரே தட்டில் அடக்கலாம் என்ற கஞ்சத்தனத்தில் ஈபியில் எழுதியது. தாத்தா இருக்கிறார் என்று தெரிகிறது, தறி இருக்கிறது என்று தெரிகிறது. சேலை ஒரு சிவப்புக் கட்டம், பக்கத்தில் ஒரு பச்சைக் கட்டம். “அப்பாதான்” என்றார் அத்தை, அவ்வளவுதான்.

இரண்டாவது எஸ்பி. தாத்தாவின் முகம் நன்றாக இருந்தது. கரையில் இரண்டு வரி தெரிந்தது. கேமரா நகரும்போது அது கலைந்து, நின்றதும் திரும்ப வந்தது.

மூன்றாவதில் அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். நிறுத்தச் சொன்னார். ஒவ்வொரு படமாக நகர்த்தச் சொன்னார். “மூணு வரிடா. ரெண்டு இல்ல. மூணாவது வரி அப்பா தானாப் போட்டது. முதலாளி திட்டுனாரு, ‘உன்னை யாருய்யா கேட்டா’ன்னு. அதோட அந்த அட்டையை எடுத்துட்டாரு.”

இந்த மூன்றாவது வரியைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் அதுவரை பேசிக் கேட்டதில்லை. என் குறிப்புகளில் ‘இரட்டை வரிக் கரை’ என்று எழுதி வைத்திருந்தேன், எஸ்பி தட்டைப் பார்த்துவிட்டு. அடித்துத் திருத்தினேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு

கேசட் சினிமாவாக இருந்தாலோ, ஒரு முறை பார்த்தால் போதும் என்றாலோ, வேறு பிரதி எங்காவது இருந்தாலோ, காம்போ வாங்குங்கள். ரெக்கார்டர் வகையா, ‘பால்’ முறையா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். எஸ்பிக்குக் கீழே இறங்காதீர்கள்.

உலகத்தில் அந்த ஒரு கேசட்தான் என்றால், பணத்தை நல்ல தனி டெக்கில் போடுங்கள். பூஞ்சை இருந்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள். தெரிந்தவரிடம் கொடுத்து உலரவைத்துத் துடைத்த பிறகுதான் டெக்குப் பக்கம். கேசட்டைத் திறக்க அடியில் ஐந்து ஸ்குரூ, அவ்வளவுதான். ரெக்கார்டரோ யுஎஸ்பியோ பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். டேப் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கொஞ்சம் தேய்கிறது. முதல் நல்ல ஓட்டத்திலேயே முழுசாக எடுத்துவிட வேண்டும்.

தட்டில் எழுதினால் அதோடு நிறுத்தாதீர்கள். இப்போது வரும் மடிக்கணினிகளில் தட்டு போட இடமே இல்லை. தட்டில் இருக்கும் கோப்புகளை அப்படியே, மறுபடி சுருக்காமல், இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள்.

ஏழு கேசட் முடிந்தது. பூஞ்சை பிடித்த நான்கும், கசங்கின சீமந்தம் உட்பட, துடைப்பதற்காகக் காத்திருக்கின்றன. அத்தை இன்னும் அவற்றை டிரங்குப் பெட்டியில்தான், சேலைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறார். வேறு பெட்டி வாங்கித் தருகிறேன் என்றேன், கேட்கவில்லை. பெட்டி மட்டும் இப்போது மாடியில் இல்லை, கூடத்தில், தறி இருந்த இடத்தில் இருக்கிறது.